செவலையை விற்ற பிறகு

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் கிராமம். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தனியாக இருக்க வேண்டாம் என்று போன தை மாதம் இரண்டு மாட்டையும் விற்றுவிட்டு ஓசூருக்கு எங்களோடு அழைத்து வந்தோம். ஒரு வேலை வைப்பதில்லை, ராணி மாதிரி வைத்திருக்கிறோம். ஆனால் ஆறே மாதத்தில் ஆள் ஒடுங்கிவிட்டார். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டார், அதிலிருந்து அடுப்படிக்கே விடுவதில்லை. மூட்டு வலி வேறு. கேட்டால் "வயசாயிடுச்சு, விடுப்பா" என்கிறார். ஊரிலிருந்து அக்கா போன் செய்தால் மட்டும், "செவலை கன்னு போட்டுச்சா? ஆனி கடைசிக்குள்ள போட்டிருக்கணுமே" என்று விசாரிக்கிறார். இது மறதி நோயின் ஆரம்பமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: விற்ற மாடு எத்தனை மாதச் சினை என்று நினைவு வைத்து, ஈனும் மாதத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறார் உங்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான்.

இதை வைத்து மறதி நோய் இல்லை என்று நான் தீர்ப்பு எழுத முடியாது. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காது, சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, பி12 சத்து, எல்லாம் பார்க்கட்டும். காது மந்தமானால் மனிதர் பேச்சிலிருந்து தானாகவே ஒதுங்கிக்கொள்வார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது மறதி போலத் தெரியும். மனச்சோர்வும் முதியவர்களிடம் அதே வேஷத்தில்தான் வரும். அப்பா போன துக்கம் இருக்கிறது, அதன் மேல் ஊரையும் விட்டு வந்திருக்கிறார். தெரிந்த தெருவிலேயே வழி தவறுவது, கணக்கு வழக்கில் குழம்புவது, சுபாவமே மாறிப்போவது, இப்படி ஏதாவது இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பால் பொங்குவது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. என் வீட்டில் போன வாரம்கூட.

மூட்டு வலிக்கு ஒரு வார்த்தை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வருஷக்கணக்காக போர் தண்ணீர் குடித்தவர்களுக்கு அது எலும்பிலும் மூட்டிலும் இறங்கும். எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். "வயசாயிடுச்சு" என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் காரணம் தேடுவதில்லை. அந்த வார்த்தையோடு எனக்குள்ள சண்டையே அதுதான்.

அந்த வார்த்தை சும்மா வாயோடு போகிற வார்த்தையும் இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில், 50 வயது தாண்டிய 660 பேரிடம், மூப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று 1975இல் கேட்டு வைத்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவியும் அவருடைய குழுவினரும் அவர்களில் யார் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்று பார்த்து 2002இல் எழுதினார்கள். மூப்பை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உடல்நிலை, வருமானம் போன்ற வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. நினைப்புதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லும்போது நீங்களும் கூடச் சேர்ந்து தலையாட்டாதீர்கள்.

சரி, "ஒரு வேலை வைப்பதில்லை" என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். பாசத்தில்தான் செய்தீர்கள், தெரிகிறது. ஆனால் தை மாதம் வரை அந்த அம்மாவின் நாள் எப்படி இருந்திருக்கும்? விடியும் முன்னே எழுந்து, சாணி வாரி, பால் கறந்து, தூக்குவாளியோடு சொசைட்டிக்குப் போய் வரிசையில் நின்று நாலு பேரோடு ஊர்க்கதை பேசி, வரும்போது ஒரு கட்டு புல். மாசிக்கு மேல் புளி தட்டி, கொட்டை எடுக்க நாலு வீட்டுப் பெண்கள் திண்ணையில் கூடுவார்கள். இப்போது மூன்றாவது மாடியோ நாலாவது மாடியோ, பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு, கையில் ரிமோட். பழக்கத்தில் நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்வார்?

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் விஷயங்களை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடி கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது நர்சுகள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் சந்தோஷத்தோடும் இருந்தார்கள். சின்ன ஆய்வு, பழைய ஆய்வு. இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு தொட்டிச் செடிக்கே அவ்வளவு என்றால், இரண்டு கறவை மாட்டை வைத்துப் பராமரித்தவருக்கு?

அதனால் அம்மாவிடம் கேளுங்கள். ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதையும் நீங்களே முடிவு செய்தால் பழைய தப்புதான் திரும்பவும். அவர் ஊருக்குத்தான் போவேன் என்றால், அக்கா அங்கே இருக்கிறார், இரண்டு மாட்டுக்குப் பதில் ஒரு மாடோ இரண்டு ஆடோ போதும். பிரஷர், சர்க்கரை மாத்திரை யார் வாங்கித் தருவார்கள் என்று யோசிக்க வேண்டாம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இங்கேயே இருக்கிறேன் என்றால் அடுப்படியைத் திறந்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் களி அவர் பொறுப்பு. துடுப்பை அவர் பிடிக்கட்டும், கட்டி விழுந்தாலும் பரவாயில்லை. உங்கள் மனைவியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அடுப்படி அவருடைய இடமும்தான்.

அப்புறம், ஊரில் இருந்தால் அவரைப் பார்க்கப் போகும் கிழமையைச் சொல்லிவிட்டுப் போங்கள். ரிச்சர்ட் ஷூல்ஸ் என்பவர், முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைக் கல்லூரி மாணவர்கள் போய்ப் பார்க்கும்படி ஏற்பாடு செய்து ஆராய்ந்தார். எப்போது வருவார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் பலன் இருந்தது. மாணவர்கள் சொல்லாமல் திடீர் திடீரென்று வந்து பார்த்த முதியவர்களுக்கு அவ்வளவு இல்லை. ஆய்வு முடிந்து மாணவர்கள் வராமல் போனதும், நன்றாகத் தேறியிருந்தவர்கள்தான் மற்றவர்களைவிட மோசமாகச் சரிந்தார்கள். ஆகவே வாராவாரம் வருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு ஷிப்டு மாறியதும் நிறுத்தாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு முடியும் என்றால் அந்த ஒரு ஞாயிறு.

இன்றைக்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது. செவலையை வாங்கியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஒரு போன் போட்டு, கன்று போட்டதா, கிடேரியா காளையா, எத்தனை லிட்டர் கறக்கிறது என்று கேட்டு, சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் திருப்பிக் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் தெரியாவிட்டால், போனை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.