புது சவுண்டு கார்டு வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: யூஎஸ்பி கீபோர்டை லேப்டாப்பில் மாட்டி வாசிக்கிறேன். கட்டையை அழுத்திச் சற்றுப் பிந்தித்தான் சத்தம் வருகிறது. புது கார்டு வாங்கட்டுமா சார்?

பதில்: இப்போதைக்குக் காசை எடுக்காதீர்கள் தம்பி. முதலில் பஃபரைப் பாருங்கள். மென்பொருள் சாம்பிள்களை, அதாவது ஒலி அலையைக் கணத்துக்குக் கணம் அளந்த எண்களை, கொத்துக் கொத்தாக மெமரியில் நிரப்பி வைக்கும்; அந்த இடம்தான் பஃபர். கார்டு தன் கடிகார வேகத்தில் அவற்றை எடுத்து ஒலியாக்கிக்கொண்டே போகும். ஒரு கொத்து தீர்ந்ததும் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) வழியாக அடுத்ததைக் கேட்கும். நொடிக்கு 48,000 சாம்பிள் ஓடும்போது 2,048 சாம்பிள் பஃபர் என்றால் 43 மில்லிசெகண்ட் தாமதம். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். அதாவது, ஸ்பீக்கரை 14 மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு வாசிக்கிறீர்கள்! 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட்தான். விண்டோஸ் என்றால் ஆசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டெய்ன்பர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த இந்த முறை, விண்டோஸின் மிக்ஸரில் நுழையாமல் நேராகக் கார்டுக்குப் போகும். பஃபரை 256 சாம்பிளில் தொடங்கிப் படிப்படியாக இறக்குங்கள்.

கேள்வி: நான் 64-க்கு இறக்கிவிட்டேன். இப்போது பட் பட்டென்று வெடிக்கிறது. கார்டு போய்விட்டதா?

பதில்: கார்டு நன்றாகவே இருக்கும். 64 சாம்பிள் 1.3 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த கொத்து வந்து சேராவிட்டால் ஒலி அலை பாதியில் அறுந்துவிடும். அந்த வெட்டுதான் 'பட்'. வேறொரு டிரைவர் சிபியுவைப் பிடித்து வைத்திருந்தாலும் இது நடக்கும். நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் நாள் முழுக்கத் தேடினோம். வைஃபையை அணைத்ததும் வெடிப்பு நின்றது. அதையும் செய்து பாருங்கள், நிற்கவில்லையென்றால் 128-க்கு ஏற்றுங்கள்.

கேள்வி: சிடியிலிருந்து எடுத்த 44,100 ஹெர்ட்ஸ் பாட்டு. விண்டோஸில் 48,000 என்று வைத்தால் தரம் கூடுமா?

பதில்: கூடாதம்மா. 147 சாம்பிள் இருந்த இடத்தில் 160 சாம்பிளைக் கணக்கிட்டு நிரப்புவார்கள், அவ்வளவுதான். பதிவில் இல்லாத ஒலி எங்கிருந்து வரும்? பல செயலிகளின் சத்தத்தைக் கலக்க விண்டோஸுக்கு ஒரே வேகம் வேண்டும், அதற்காகத்தான் அந்த மாற்றம். மாற்றமே வேண்டாம் என்றால் பிளேயரில் வாசாபி எக்ஸ்குளூசிவ் (கார்டை அந்தப் பிளேயருக்கு மட்டும் கொடுக்கும் முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அப்போது மற்றச் செயலிகளின் சத்தம் அந்தக் கார்டில் வராது.

கேள்வி: 24 பிட்டில் குரல் பதிவது வீணா?

பதில்: வீணே இல்லை. சாம்பிளைக் குறிக்கும் எண்ணில் ஒரு பிட் கூடினால், மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே சுமார் 6 டெசிபல் இடம் கூடும். 16 பிட்டில் 96 டெசிபல் இடம்தான். 24 பிட்டில் மைக் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) தாராளமாகக் குறைத்து வைக்கலாம். பாடுபவர் திடீரென்று உச்சத்துக்குப் போனாலும் குரல் கிழியாது.