மைக் இன்புட்டில் செல்போனைச் செருகினால் பாட்டு ஏன் கிழிகிறது?

முக்கூடல் பக்கம் மைக் செட் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அண்ணாச்சி, என் பழைய ஆம்ப்ளிஃபயர்ல மைக் இன்புட் மட்டும்தான் இருக்கு. கோயில் கொடையில வில்லுப்பாட்டு தொடங்குறதுக்கு முன்னால செல்போன்ல பாட்டுப் போட்டா கரகரன்னு கிழியுது. வால்யூமைக் குறைச்சாலும் அப்படியேதான். என்ன செய்ய?"

உங்கள் ஆம்ப்ளிஃபயரில் கோளாறு இல்லை. மைக்கில் இருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். செல்போனின் ஹெட்போன் ஓட்டையில் அரை வோல்ட் வரைக்கும், சிலதில் அதற்கு மேலும் வரும். ஏறத்தாழ நூறு மடங்கு. மில்லிவோல்ட்டைப் பெரிதாக்க வைத்த முதல் டிரான்சிஸ்டரில் அரை வோல்ட்டை விட்டால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். நீங்கள் திருகும் வால்யூம் பெரும்பாலான செட்டுகளில் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. ஏற்கெனவே கிழிந்ததைத்தான் அது குறைக்கிறது.

போனிலேயே சத்தத்தை அடிமட்டத்தில் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கிழிசல் போகும், ஆனால் ஒயரில் ஏறும் இரைச்சல் பாட்டோடு சேர்ந்து கேட்கும். யாராவது கை தவறி ஏற்றிவிட்டால் ஹாரன் யூனிட்டுக்கே (குழாய் ஸ்பீக்கரின் பின்னால் சத்தம் எழுப்பும் பகுதி) ஆபத்து.

டிரான்சிஸ்டருக்கு முன்னாலேயே குறைக்க வேண்டும். கால் வாட் ரெசிஸ்டர் மூன்று போதும்: 10 கிலோ ஓம் இரண்டு (பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு), 100 ஓம் ஒன்று (பழுப்பு, கருப்பு, பழுப்பு). போன் பின்னின் இடது ஒயரில் ஒரு 10 கிலோ, வலது ஒயரில் இன்னொன்று. இரண்டின் மறுமுனையையும் சேர்த்து மைக் பின்னின் நுனியில் பற்றவையுங்கள். அந்த நுனிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 ஓம். போனின் கிரவுண்டும் அங்கேயே சேரும். இரண்டு பக்கமும் ஒரே பாட்டு வரும்போது சத்தம் சுமார் ஐம்பதில் ஒரு பங்காகும். அதுவும் அதிகமாகப் பட்டால் 100 ஓமுக்குப் பதில் 47 போடுங்கள். இடதையும் வலதையும் ரெசிஸ்டர் இல்லாமல் நேராக முறுக்கிச் சேர்க்காதீர்கள், போனின் இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதும்.

ரெசிஸ்டர்களை ஆம்ப்ளிஃபயர் பக்கத்துப் பின்னுக்குள்ளேயே வையுங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். போன் பக்கம் வைத்தால் நீள ஒயர் முழுக்க மெலிந்த சத்தம் ஓடி, சீரியல் லைட் ஒயரின் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். ஒயர் ஷீல்டு போட்டதாக இருக்கட்டும்.

போனுக்குப் பதில் லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியதும் 'ம்ம்' என்று இரையலாம். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் எர்த் சுற்றுதான் காரணம், அதாவது சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனியே எர்த்தில் சேர்ந்து, ஆடியோ ஒயரோடு ஒரு வளையமாகிவிடுவது. நடுவே ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (ஒயர் தொடர்பைத் துண்டித்து, பாட்டை மட்டும் கடத்துவது) போடுங்கள். அதற்காக பிளக்கின் எர்த் காலை மட்டும் வெட்டிவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

வேறு மிக்சரில் செருகுவதாக இருந்தால் முதலில் 48 வோல்ட் பேன்டம் சுவிட்சை (சில மைக்குகளுக்கு ஒயர் வழியாகவே கரண்ட் அனுப்புவது) அணைத்துவிடுங்கள். அப்புறம் போனில் முக்கால் வால்யூம் வைத்து, மைக் வால்யூமைச் சுழியில் இருந்து மெதுவாக ஏற்றுங்கள்.