தினமும் நடந்தும் சர்க்கரை இறங்கவில்லை என்றால்

வணக்கம். காலையில் 40 நிமிடம் நடந்தும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 சதவீதத்திலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், இது நீரிழிவுக்கு முந்தைய நிலைதான்.

நடை சரி, தட்டைத்தான் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ஐந்து தோசை என்கிறீர்களே, நடையில் செலவாகும் 150 கலோரி சொச்சம் ஒன்றரை தோசையிலேயே திரும்பிவிடும். அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஆய்வில், வாரம் 150 நிமிட உடற்பயிற்சியோடு உணவையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களுக்கு 31தான். எனக்கு இன்றும் வியப்பூட்டும் கணக்கு இது.

என் அம்மாவுக்கு இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினோம். முதலில் ஒரு கிண்ணம் சுண்டல், அப்புறம் இரண்டே தோசை. கை கழுவியதும் மொட்டை மாடியில் கால் மணி நேர நடை. சாப்பிட்ட உடனே நடந்தால், ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வேலை செய்யும் தசைகள் இழுத்துக்கொள்ளும். முதல் வாரம் பசிக்கிறது என்று அலுத்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டது.

காலை நடையை விட்டுவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், காத்திருப்பேன்.