ஏரியா சரியில்லை, வீடு மாற வேண்டுமா?

கேள்வி: எங்கள் தெருவில் இரவானால் குடியும் அடிதடியும்தான். 14 வயது மகன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், சரியாகத் தூங்குவதில்லை. கடன் வாங்கியாவது நல்ல ஏரியாவுக்குப் போய்விடலாமா?

பதில்: அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ராத்திரியெல்லாம் கூச்சல் கேட்டு வளரும் பிள்ளையின் உடம்பு எந்நேரமும் உஷாராகவே இருக்கும். கதவு படாரென்று சாத்தினால் திடுக்கிடுவான், சின்ன வார்த்தைக்கும் சீறுவான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தெருப்பக்கம் படுக்கிறான் என்றால் இன்றைக்கே உள்ளறைக்கு மாற்றுங்கள்.

அமெரிக்காவில் 1994 முதல் 5 நகரங்களில் ஏழைக் குடும்பங்கள் வசதியான பகுதிகளுக்குக் குடிபோக உதவி செய்து, பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பெண் பிள்ளைகளின் மனநலம் தேறியது. பையன்களுக்கு அப்படி நடக்கவில்லை. 13 வயதுக்கு முன் மாறியவர்கள் பின்னாளில் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்தப் பலனும் இல்லை. "ஏரியா மாறினா பையன் தானா மாறிடுவான்" என்கிற புரோக்கருக்குக் கமிஷன்தான் கணக்கு.

அவரைவிட ஆபத்தானவர்கள், "மூணு மாசம் விடுங்க, திருத்தித் தர்றோம்" என்கிற விடுதிக்காரர்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, பிள்ளையோடு போனில் பேசவும் விடாத இடத்தில் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அங்கிருந்து அடங்கித் திரும்பும் பிள்ளை பயந்து அடங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் கடனைப் பற்றி யோசிக்காமல் கிளம்புங்கள்: தெருவில் எவனாவது உங்கள் மகனையே குறிவைத்திருந்தால். பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வது, காசு கேட்டு அடிப்பது, தனியாகக் கூப்பிடுவது. திடீரென்று புதுப் போன் வைத்திருக்கிறானா, பள்ளிக்குச் சுற்றுவழியில் போகிறானா என்று பாருங்கள். கேட்கும்போது திட்டாதீர்கள், துருவித் துருவிக் கேட்டுத் தெரிவதைவிடப் பிள்ளை தானாகச் சொல்லித் தெரிவதே அதிகம். அப்படி ஏதும் இருந்தால் புது வீடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புகார் கொடுங்கள்.

மற்றபடி, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டோடு பேசி வையுங்கள். வறுமை ஒரே அளவில் இருந்தாலும், அடுத்த வீட்டுப் பிள்ளையையும் தட்டிக் கேட்கிற தெருக்களில் வன்முறை குறைவு என்று 1997இல் வெளிவந்த சிகாகோ ஆய்வு காட்டியது. தெருவிளக்குக்கு மனு கொடுத்தால் மேசை மேசையாகச் சுற்றும். வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பள்ளி சொல்லும். இத்தனை பேரும் கைவிட்டுவிட்டு, பையனை மட்டும் கவுன்சிலிங்குக்கு அனுப்பச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் இரண்டு வாரமாகியும் சாப்பாடு, விளையாட்டு எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே.