கரன்ட் கனெக்‌ஷன், பழைய பாக்கி, லேட்டான ரயில்: சட்டம் யார் பக்கம்?

கேள்வி: வாடகைக்குக் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் இல்லாமல் மின் இணைப்பு கிடையாது என்கிறார்கள் சார்.

பதில்: 2003 மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு உரிமையாளரை மட்டும் சொல்லவில்லை, குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்பு கொடுப்பது மின்வாரியத்தின் கடமை. திலீப் எதிர் சதீஷ் வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம், விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்தால் போதும் என்றது. வாடகை ஒப்பந்தத்தை இணைத்து விண்ணப்பித்து, பதிவு எண் வாங்குங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பை வைத்து முறையிடுவது கடினம்.

மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தப்படி, இணைப்பு கொடுக்கக் கெடு பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிகளில் 7, கிராமத்தில் 15. ஆவணங்கள் முழுமையான நாளிலிருந்துதான் கணக்கு. ஒரு காகிதம் குறைந்தாலும் கெடு ஓடாது.

கேள்வி: ஏலத்தில் எடுத்த கட்டடத்துக்குப் பழைய ஓனரின் பாக்கியைக் கேட்கிறார்கள்.

பதில்: மின் வழங்கல் விதிகளில் அதற்கு இடமிருந்தால் கேட்கலாம் (கே.சி. நைனான் வழக்கு, 2023). ஏலம் கேட்கும் முன்பே பாக்கியை விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: தணிக்கையில் தெரிந்ததாம், மூன்று வருடத்துக்கு முந்தைய பாக்கி ₹46,000. பத்து நாளில் கட்டாவிட்டால் பியூஸைப் பிடுங்குவார்களாம்.

பதில்: முதலில் நோட்டீஸில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 126 (அனுமதியில்லாத மின் பயன்பாடு) என்றால் வழி வேறு: இறுதி உத்தரவு வந்த 30 நாளுக்குள், பாதித் தொகையைக் கட்டி மேல்முறையீடு செய்ய வேண்டும். 135 என்றால் மின்திருட்டுக் குற்றச்சாட்டு. உடனே வக்கீலைப் பாருங்கள்.

சாதாரணப் பாக்கி என்றால் 56ஆம் பிரிவுதான். முழுதாக 15 நாள் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தராமல் துண்டிக்கக் கூடாது. பத்து நாள் கெடு செல்லாது. கேட்ட தொகை, அல்லது கடைசி 6 மாதம் கட்டியதன் சராசரிப்படி கணக்கிடும் மாதக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை “எதிர்ப்புடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கட்டினால், தகராறு முடியும் வரை இணைப்பில் கை வைக்க முடியாது. கடித நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு, மின்வாரியத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனுப் போடுங்கள். அங்கே சரிப்படாவிட்டால் மின் குறைதீர்ப்பாளர்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: கோபத்தில் நடப்பு பில்லையும் நிறுத்திவிடுவார்கள். அதற்காகத் துண்டித்தால் வாதாட ஒன்றுமில்லை.

பாக்கியை இரண்டு வருடத்துக்குள் வசூலிக்க வேண்டும் என்று 56ஆம் பிரிவு சொல்லும் வரம்பை முழுதாக நம்பாதீர்கள். ரஹமத்துல்லா கான் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், தவறுதலாக விட்டுப்போன தொகையைப் பிறகும் கேட்கலாம், ஆனால் வரம்பு தாண்டிய தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்றது.

கேள்வி: ரயில் நான்கு மணி நேரம் லேட். பயணம் போகவே இல்லை.

பதில்: ஏறும் நிலையத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் வண்டி அங்கிருந்து கிளம்பும் முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) பதிய வேண்டும். விமானத்தைத் தவறவிட்டது போன்ற நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையம் போகலாம். சஞ்சய் சுக்லா வழக்கில் (2021), தாமதத்துக்குக் காரணம் காட்டாத ரயில்வே நஷ்டஈடு தர வேண்டியதாயிற்று.

கேள்வி: அப்பா ரயிலிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். டிக்கெட் கிடைக்கவில்லை.

பதில்: டிக்கெட் இல்லை என்பதாலேயே மனு தள்ளுபடியாகாது, அம்மா. ரீனா தேவி வழக்கின்படி (2018), அவர் டிக்கெட் எடுத்த விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள். அதை மறுத்து நிரூபிப்பது ரயில்வேயின் பாடு. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்ததும் ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவில் வரும். உயிரிழப்புக்கு 8 லட்சம். ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் ஒரு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ரயில்வே போலீஸின் எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.