வீடும் பார்த்துத் தருகிறேன் என்கிறாரா ஏஜென்ட்?

கேள்வி: என் மகள் பி.இ. முடித்துவிட்டு, முதுகலை படிக்க ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. தமிழ்ப் பெண்கள் நான்கு பேர் இருக்கும் வீட்டில் இடம், விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போவது, முதல் மூன்று மாத வாடகை எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் கேட்கிறார் கன்சல்டன்சிக்காரர். இல்லாவிட்டால் அங்கே வீடே கிடைக்காதாம். மகளுக்கு ஜெர்மன் ஏ1 என்ற ஆரம்பநிலை அளவுக்குத்தான் தெரியும். கட்டிவிடலாமா?
– ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: எந்த விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போவார்? கெம்னிட்ஸில் பன்னாட்டு விமான நிலையம் கிடையாது. பிராங்க்பர்ட்டிலோ பெர்லினிலோ இறங்கி ரயிலில்தான் போக வேண்டும். அந்த டிக்கெட்டை உங்கள் மகளே போனில் எடுத்துவிடுவார்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏஜென்டுக்குக் கமிஷன் தருவதில்லை. அதனால் அனுமதி வாங்கித் தருவதில் விட்டதை வீடு, காப்பீடு, சிம் கார்டு என்று மற்றவற்றில் பிடித்துவிடுகிறார்கள். வருடா வருடம் இதே கதையைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்டுத் தரும் தாள் இல்லாமல் பதிவு நடக்காது. 2015 நவம்பரிலிருந்து இதுதான் சட்டம். பதிவுச் சான்று இல்லையென்றால் விசா முடிவதற்குள் தங்கும் அனுமதி வாங்குவது சிக்கலாகும். விசாவுக்காக முடக்கி வைக்கும் ‘ப்ளாக்டு அக்கவுண்டில்’ நீங்கள் போட்டிருக்கும் 11,904 யூரோ, மாதம் 992 வீதம் வெளியே வர உள்ளூர்க் கணக்கு வேண்டும். பல வங்கிகள் அதைத் திறக்க இந்தச் சான்றைத்தான் கேட்கின்றன. சில வீட்டுக்காரர்களோ வங்கிக் கணக்கைக் காட்டினால்தான் வீடு என்பார்கள். கோழியா முட்டையா என்று இந்த அலுவலகங்களிடம் கேட்டால், அதற்கும் முன்பதிவு செய்துவிட்டு வரச் சொல்வார்கள்.

ஏஜென்ட் காட்டும் ‘தமிழ் வீடு’ பெரும்பாலும் ஒரு மாணவர் வாடகைக்கு எடுத்து, உரிமையாளருக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுவது. இருவர் தங்க வேண்டிய இடத்தில் ஐவர் இருப்பார்கள். உரிமையாளருக்கே தெரியாதபோது கையெழுத்து எங்கிருந்து வரும்? ‘பதிவுக்கு மட்டும் வேறு முகவரி தருகிறோம், 200 யூரோ கொடுங்கள்’ என்று அடுத்த ஆள் வருவார். குடியிருக்காத முகவரியைப் பதிவுக்குக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. பதிபவரும் தப்ப முடியாது.

அப்புறம், நான்கு தமிழ்ப் பெண்களோடு இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். வெளிநாட்டவருக்கு எதிராக 2018இல் கெம்னிட்ஸில் நடந்த கலவரத்தைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அது நடந்தது உண்மைதான். அதே ஊர் 2025இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராகவும் இருந்தது. உங்கள் பயம் நியாயமே. ஆனால் ஏ1 தெரிந்த பெண் வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்றிருந்தால் இரண்டு வருடம் கழித்தும் ஏ1தான். படிப்பு முடிந்து வேலை தேடும்போது அது இடிக்கும். பல நாட்டுப் பிள்ளைகள் அறைக்கு ஒருவராகத் தங்கிச் சமையலறையைப் பகிரும் வீட்டை அங்கே ‘வேகே’ என்பார்கள். இந்த வாரம் குளியலறை யார் கழுவுவது என்று ஒரு பட்டியல் தொங்கும். அந்தச் சண்டையில்தான் பாதி ஜெர்மன் வரும். இரவு பத்துக்கு மேலும் ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது, மிக்ஸியும் அதில் சேர்த்தி. தாளிக்கும்போது ஜன்னலைத் திறக்காவிட்டால் புகை அலாரம் கூரையைப் பிய்க்கும்.

செய்ய வேண்டியது எளிது. கெம்னிட்ஸ் மாணவர் விடுதிகளை நடத்துவது ‘ஸ்டுடென்டென்வெர்க்’ என்ற பொது நிறுவனம். அதன் தளத்தில் மகளே இன்றைக்கே விண்ணப்பிக்கட்டும். ஒப்பந்தம் அவர் பெயரில் வரும், பதிவுக்குத் தேவையான கையெழுத்துத் தாளும் கூடவே வரும். விடுதி கிடைக்காவிட்டால் வேகே தேடலாம். தனியார் வீட்டில் டெபாசிட் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ‘நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று எழுதுபவர் மோசடிக்காரர். விதிவிலக்கே கிடையாது.

வீடே கிடைக்காது என்பது எங்கே உண்மை என்றால், மியூனிக்கில். அங்கே விடுதிக்குக் காத்திருப்புப் பட்டியலே பல செமஸ்டர் நீளும். மகள் அங்கே போவதாக இருந்தால் நானே வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்: முதல் இரண்டு மாதத்துக்கு உள்வாடகை அறை எடுங்கள், கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, உரிமையாளரின் எழுத்து அனுமதியும் பதிவுத் தாளும் இருந்தால் போதும், அங்கிருந்தபடி நிரந்தர அறை தேடலாம் என்று. போதாததற்கு, அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கல்விக் கட்டணமும் வாங்குகிறது. ஏஜென்டுகள் மியூனிக் கதையைச் சொல்லித்தான் ஜெர்மனி முழுக்க அறை விற்கிறார்கள். கெம்னிட்ஸ் மியூனிக் அல்ல, வாடகையிலும் சரி, தட்டுப்பாட்டிலும் சரி.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. அந்த நாட்டில் வங்கி ரகசிய எண் முதல் காப்பீட்டு அட்டை வரை பலவும் இன்னும் தபாலில்தான் வருகிறது. வீட்டுத் தபால்பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது அப்பா பெயர். ஆகவே பெட்டியில் ஒட்ட வேண்டியது உங்கள் பெயர். கடிதங்களிலும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் உங்கள் மகளை விளிப்பார்கள். சிரிப்பு வரும், ஆனால் ஒட்டச் சொல்லுங்கள்.

விமான டிக்கெட்டை மட்டும் விடுதி ஒப்பந்தம் வந்தபிறகு எடுங்கள். சாவி கொடுக்கும் அலுவலகம் சனி, ஞாயிறு திறக்காது. அக்டோபர் 3 தேசிய விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் இறங்குவதுபோல் பாருங்கள்.