பொம்மை அலமாரி: கேள்வி–பதில்

கேள்வி: அமெரிக்கன் கேர்ள் வரலாற்றுப் பொம்மைகளில் கிர்ஸ்டன், ஆடி, கிட், மோலி என்னிடம் இருக்கிறார்கள். ஒருத்தியின் உடையை இன்னொருத்திக்குப் போட்டால் காலம் இடிக்குமா?

இந்த அமெரிக்கப் பொம்மைகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு காலத்துக் கதை உண்டு. அதன்படி கிர்ஸ்டன் 1854, ஆடி 1864, கிட் 1934, மோலி 1944. பழைய உடை பின்னால் வந்தவளுக்குப் போகலாம், பின்னால் வந்த உடை முன்னவளுக்குப் போகாது. கிர்ஸ்டனின் பூப்போட்ட பருத்தி கவுனை ஆடி போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. அக்கா கவுன் தங்கைக்கு வருவதும், பாவாடையில் மடித்துத் தைத்த டக்கைப் பிரித்து நீளம் கூட்டுவதும் அன்றைய சாதாரண வீடுகளில் சகஜம். கிட்டின் உடை மோலிக்கு இன்னும் பொருத்தம். போர்க்காலத் தட்டுப்பாட்டில் பழைய துணிக்குத்தான் மதிப்பு.

ஆனால் பத்து, பதினைந்து வருடத்தைத் தாண்டினால் இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும். அதே வரிசைப் பொம்மையான ஃபெலிசிட்டியின் 1774 கவுனில் இடுப்பு இயல்பான இடத்தில் இருக்கும். கரோலினின் 1812 கவுனிலோ மார்புக்குக் கீழேயே பாவாடை ஆரம்பித்துவிடும். அந்த இருவருக்குள் மாற்றுவதை விட்டுவிடுங்கள். 1974இன் ஜூலிக்கு மட்டும் சலுகை உண்டு. 1970களில் பழங்காலக் கிராமத்து கவுன் பாணி மறுபடி நாகரிகமானதால், கிர்ஸ்டனின் உடை அவளுக்கு அச்சாகப் பொருந்தும்!

கேள்வி: 1980களில் வந்த சமந்தாவுக்கு ஃபெலிசிட்டியின் கவுனைப் போட்டால் கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துணி தெரிகிறது. புது உடைகளோ முதுகில் மூடவே மாட்டேன் என்கின்றன. ஏன்?

இந்தப் பொம்மைகளை முதலில் கொண்டுவந்த பிளெசன்ட் கம்பெனி 1986இல் விற்க ஆரம்பித்த பொம்மைகளுக்குத் துணி உடம்பு வெள்ளை. 1991இல் வந்த ஃபெலிசிட்டிக்குக் கழுத்து அகன்ற கவுன் என்பதால்தான் தோல் நிற உடம்புக்கு மாறினார்கள். சமந்தாவுக்கு மெல்லிய வெள்ளைப் பருத்தியில் 10 அங்குலச் சதுரம் வெட்டி, முக்கோணமாக மடித்து, தோளில் போட்டு, முனைகளை கவுனின் முன்கழுத்துக்குள் செருகுங்கள். 18ஆம் நூற்றாண்டுப் பெண்கள் கட்டிய கழுத்துத் துணி இதேதான், அதனால் ஒட்டுப்போட்டதாகத் தெரியாது.

பழைய உடம்பு சற்றுப் பருமன். பிற்காலத்து உடைகள் ஒல்லி உடம்புக்கு வெட்டியவை. இழுத்து மூடினால் வெல்க்ரோ ஓரத்துத் தையல்தான் முதலில் பிரியும். கவுனைத் தொடாமலே, முதுகுத் திறப்பின் இரு ஓரங்களுக்கும் நடுவே ஒட்டிக்கொள்ளும் ஓர் இணைப்புத் துண்டு தைக்கலாம். தைத்து முடித்தபின் 1½ அங்குல அகலமும், முதுகுத் திறப்பின் நீளமும் இருக்கட்டும். ஒரு ஓரத்தில் அரை அங்குலச் சொரசொர வெல்க்ரோ உள்பக்கமாக, மறு ஓரத்தில் மெத்து வெல்க்ரோ வெளிப்பக்கமாக. இரண்டும் ஒரே பக்கம் வந்துவிட்டால் ஒட்டாது. இதில் சுமார் 1 அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். வேண்டாதபோது கழற்றிவிட்டால் உடை பழையபடியே இருக்கும், சேகரிப்பாளருக்கு அதுதானே முக்கியம்.

கை நுழையாத இறுக்கமான சட்டைக்கை என்றால், பொம்மையின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டி நுழைத்துவிட்டு, பையை மணிக்கட்டுப் பக்கமாக உருவிவிடுங்கள். விரல் மாட்டாது. முடியை முதலிலேயே ஒரு துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். வெல்க்ரோவில் சிக்கிய விக் முடி சிக்கலாகிவிட்டால் பழைய வழுவழுப்பு திரும்பாது.

கேள்வி: சிவப்பு உடை போட்டு வைத்ததில் வினைல் கையில் கறை ஏறிவிட்டது.

சோப்பில் போகாது, சாயம் வினைலுக்குள் இறங்கியிருக்கும். முகப்பருவுக்குப் போடும் 10 சதவீத பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கறைமேல் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வையுங்கள். தினமும் பாருங்கள், கூடுதல் நாள் விட்டால் அந்த இடம் வெளுத்து வேறு நிறமாகிவிடும். துணி உடம்பிலும் முடியிலும் முகத்து வண்ணத்திலும் படவே கூடாது. கண்ணுக்குள் ஈரம் போனால் உள்ளே இருக்கும் உலோகம் துருப்பிடிக்கும்.

இனி அடர் சிவப்பு, கருநீலம் எதுவானாலும், போடும்முன் உள்தையலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் படம் எடுக்க மட்டும் போட்டு, அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.